வசையாகிப் போன ஒரு ஞானியின் பெயர்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டியை நோக்கிச் செல்லும் வீதி, ஒரு புறம் புத்தளக் களப்பையும் மறுபுறம் பெருங்கடலையும் வைத்துக்கொண்டு, தென்னந்தோப்புகளுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் ஊடாக நீண்டு கிடக்கின்றது. அவ்வீதியிலிருந்து மேற்கே கடற்கரைப் பக்கம் திரும்பினால் தலவில என்னும் ஊரும், அதற்குப் பெருமை தேடித் தந்த புனித அன்னம்மாள் ஆலயமும் தோன்றும். கடலில் அகப்பட்டு உயிர் தப்பிய போர்த்துக்கேயர் ஒருவர் வைத்த நேர்ச்சையால் எழுந்தது இத்தலம் என்பது வழிவழி வந்த கதை. முதிரை மரத் தூண்கள் நிற்கும் இன்றைய ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு திருவிழாவும், ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பெருந்திருவிழாவும் நடைபெறும். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, ஓலைக் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் நாட்கணக்காகத் தங்குவார்கள். ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் சிங்களத்திலும் செபம் ஒலிக்கும். கத்தோலிக்கர் அல்லாதாரும் அங்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றிச் செல்வது வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், கத்தோலிக்க நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று, சைவராகிய நாமும் குடும்பத்துடன் ஓகஸ்ட் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். மாலை ஆராதனை முடிந்து மக்கள் கொட்டில்களுக்குத் திரும்பும் நேரம். கையில் எட்டு வயதுப் பெண் குழந்தையொன்றைப் பிடித்தபடி ஒருவர் நம் முன் வந்து நின்றார்.

"சேர், என்னை நினைவிருக்குதோ?" என்றார்.

நினைவு இல்லை. பெயரைச் சொன்ன பின்புதான் முகம் தெளிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியத் தொழிலில் புதிதாகக் காலடி வைத்த காலத்தில், நம்மிடம் ஆங்கிலம் படித்த மாணவர் அவர். இப்பொழுது மீன்பிடிப் படகுகளின் இஞ்சின்களைத் திருத்தும் தொழில் செய்வதாகச் சொன்னார். ஊர்ப் புதினங்கள் பேசிக்கொண்டோம். பின்பு சிறிது தயங்கி, "சேர், உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு வகுப்பிலை என்னை 'டன்ஸ்' எண்டு கூப்பிட்டீங்கள். அதுக்கு என்ன பொருள்? நான் இதுவரைக்கும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை" என்றார்.

நம் நா எழவில்லை.

அவர் குரலிற் கோபம் இருந்ததாகத் தோன்றவில்லை. "இவளையும் இப்ப வகுப்பிலை அந்தச் சொல்லாலைதான் கூப்பிடுகினமாம். வாசிப்பு ஓடுதில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுகிறாள். அன்னம்மாளுக்கு நேர்ச்சை வைச்சு வந்தனாங்கள். அதாலைதான் கேக்கிறன்" என்று சொல்லி முடித்தார். குழந்தை மணலைக் காலால் கீறிக்கொண்டு நின்றது.

அச்சொல்லுக்குப் பொருள் நாம் அறியாததன்று. கற்றுக்கொள்ளத் தாமதிப்பவன், மந்தபுத்திக்காரன், நம் ஊர்ப் பேச்சில் மொக்கன். ஆயினும், அந்தப் பிள்ளையின் முன்னே அதை எடுத்துச் சொல்ல மனம் துணியவில்லை. "வீட்டுக்குப் போய் நன்றாகப் பார்த்து எழுதுகிறோம்" என்று சொல்லித் தப்பிக்கொண்டோம். "ஓம் சேர், ஆறுதலாய் எழுதுங்கோ" என்று சொல்லி, முகவரி தந்து போனார்.

வீடு திரும்பியதும் அகராதிகளையும் சரித்திர நூல்களையும் புரட்டினோம். அங்கே கண்ட செய்தி நம்மைத் திகைக்க வைத்தது. அதனையே இங்கு வாசகர் முன் வைக்கின்றோம்.

டன்ஸ் என்பவர் யார்?

மெதுவாக இயங்குபவர்களைக் குறிக்க ஆங்கிலத்திற் சொற்கள் பல உண்டு. ஆமைபோல் நடப்பவனை 'ஸ்லோ கோச்' என்பார்கள். மெல்ல ஊர்ந்து செல்லும் குதிரை வண்டியிலிருந்து பிறந்தது அது. வண்டியின் பெயரால் யாருக்கும் மானக்கேடு இல்லை. ஆனால் 'டன்ஸ்' என்ற சொல் வண்டியிலிருந்தோ விலங்கிலிருந்தோ பிறந்ததன்று. அது ஒரு மனிதரின் பெயர். அம்மனிதரோ ஐரோப்பா கண்ட மிகக் கூரிய அறிவாளிகளுள் ஒருவர்!

ஸ்கொத்லாந்தில் டன்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 1266ஆம் ஆண்டளவில் அங்குப் பிறந்தவர் யோவான். ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும் சேர்ந்து 'யோவான் டன்ஸ் ஸ்கோட்டஸ்' என வழங்கலாயிற்று. பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்து, 1291ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். ஒக்ஸ்போர்ட்டிலும், பின்னர் பாரிஸ் நகரிலும் இறையியல் போதித்தார். 1303ஆம் ஆண்டில், பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்புக்கும் பாப்பரசர் எட்டாம் பொனிபாசுக்கும் பிணக்கு மூண்டபோது, மன்னன் பக்கம் நிற்க மறுத்தமையால் பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு மீண்டு வந்தார். 1307இல் ஜெர்மானிய நாட்டுக் கொலோன் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே 1308ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், நாற்பதைச் சற்றே கடந்த வயதில் உயிர் நீத்தார். அந்நகரின் பிரான்சிஸ்கன் கோயிலில் அவரது கல்லறை இன்றும் உள்ளது.

அவருக்குக் கற்றோர் சூட்டிய பட்டம் 'நுண்மதி ஆசான்' என்பது. ஒரு கேள்வியை எடுத்தால், அதன் எல்லாப் பக்கங்களையும் பார்ப்பார். எதிர்ப்பக்கத்து வாதங்களைத் தாமே எடுத்துச் சொல்வார். பின்பு ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். ஒக்ஸ்போர்ட்டில் நிகழ்த்திய விரிவுரைகளைத் தாமே திருத்தியும் விரித்தும் எழுதிவந்தார். அப்பணி முடிவதற்கு முன்பே இறந்துவிட்டார். விரைவாக விடை சொல்லி விரைவாக முடித்துவிடும் இயல்பு அவரிடம் இல்லை என்பது அவர் நூல்களைப் பார்த்த அளவிலேயே விளங்கும்.

அன்னம்மாளும் டன்ஸும்

தலவிலக்கும் இவருக்கும் யாது தொடர்பு எனக் கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியதே.

அன்னம்மாள், மரியாளின் தாய். அவர் பெயரும் கணவர் சுவக்கீனின் பெயரும் வேதாகமத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய நூலின் வழியாகவே அவை வந்துள்ளன. அன்னம்மாளின் வயிற்றில் மரியாள் கருவான கணம் முதலே சென்மப் பாவத்தின் மாசு அவரைத் தீண்டவில்லை என்பது, கத்தோலிக்கர் 'அமல உற்பவம்' என்று போற்றும் கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கொள்கைக்குப் பெரிய தடை ஒன்று இருந்தது. தோமஸ் அக்குவைனாஸ், பொனவெந்தூர் போன்ற பேரறிஞர்களே இதனை ஏற்கத் தயங்கினர். கிறிஸ்து எல்லோரையும் மீட்டவர்; மரியாளிடம் பாவமே இல்லையெனின், அவரை எதிலிருந்து மீட்பது? அவருக்கு மட்டும் மீட்பர் தேவையில்லை என்றாகிவிடாதோ? இதுவே அவர்தம் ஐயம்.

டன்ஸ் இதற்கு விடை கண்டார். நம் ஊர் உவமையாற் சொல்வோம். கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கிக் காப்பாற்றுகிறார் ஒருவர். விளிம்புக்கு வந்த பிள்ளையை, விழுமுன்னே கைபிடித்துத் தடுக்கிறார் இன்னொருவர். இரண்டு பிள்ளைகளும் காப்பாற்றப்பட்டவையே. ஆயினும், விழாமற் காத்தலே மேலான காத்தல் அன்றோ? அவ்வாறே மரியாளும் மீட்கப்பட்டவரே. எல்லோரினும் மேலான முறையில், முன்கூட்டியே மீட்கப்பட்டவர் என்று டன்ஸ் வாதித்தார். பல நூற்றாண்டுத் தர்க்கத்திற்குப் பின், 1854ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இக்கொள்கையைத் திருச்சபையின் விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார்.

இக்கொள்கையை நிறுவுதலோ மறுத்தலோ நமது நோக்கமன்று. ஆனால் எண்ணிப் பாருங்கள்: தம் மகளை 'டன்ஸ்' என்று பிறர் இகழ்வதைப் பொறாது அத்தந்தை வந்து முழந்தாளிட்டது அன்னம்மாள் சந்நிதியில். அந்த அன்னம்மாளின் வயிற்றுக்கு இவ்வளவு பெருமையுண்டு என்று வாதாடி வென்றவர் பெயரே டன்ஸ்! அவ்வாலயத்து மணலில் நின்றபோது இச்செய்தி அத்தந்தைக்கும் தெரியாது. ஆங்கில ஆசிரியராகிய நமக்கும் தெரியாது.

பெயர் வசையானது எவ்வாறு?

டன்ஸ் மறைந்தபின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் நூல்கள் பல்கலைக்கழகங்களிற் பாடமாக விளங்கின. அவர் வழியைப் பின்பற்றியோர் 'டன்ஸ்காரர்' எனப்பட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் காலம் மாறியது. கிரேக்கம், எபிரேயம் ஆகிய மூலமொழிகளைக் கற்று, பழைய நூல்களை நேரே படிக்கவேண்டும் என்ற புதுக்கல்வி பரவிற்று. டன்ஸ்காரரிற் பலர் அதனை எதிர்த்தனர். உரைக்கு உரை, அவ்வுரைக்கு மேலோர் உரை என்று மயிர் பிளக்கும் வாதங்களிலேயே அவர்கள் காலம் போக்கினர் என்று புதியோர் ஏளனம் செய்தனர். அவ்வேளனத்தில் நியாயம் சிறிதும் இல்லை எனல் ஆகாது. ஆனால் மாணாக்கரின் குறை ஆசானின் தலையில் ஏற்றப்பட்டது.

1535ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னனின் ஆட்சியில், ஒக்ஸ்போர்ட் கல்லூரிகளைப் பார்வையிட அரச அலுவலர் சென்றனர். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் லேற்றன், அமைச்சர் தோமஸ் குரொம்வெலுக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. டன்ஸைச் சிறையில் அடைத்துவிட்டோம் என்று அதிற் பரிகாசமாக எழுதுகின்றார் அவர். கிழிக்கப்பட்ட டன்ஸ் நூல்களின் ஏடுகள் கல்லூரி முற்றத்தில் காற்றில் பறந்தனவாம். அயல் மாவட்டத்துக் கனவான் ஒருவர் அவ்வேடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். எதற்கு? தம் காட்டிலுள்ள மான்கள் எல்லை தாண்டாதபடி, வெருளிகளாகக் கட்டித் தொங்கவிடுவதற்கு! ஒருவர் வாழ்நாளெல்லாம் சிந்தித்த சிந்தனை மான் வெருட்டும் தாளாயிற்று.

நூலுக்கு நேர்ந்த கதியே பெயருக்கும் நேர்ந்தது. முதலில் 'டன்ஸ்' என்றால் டன்ஸின் வழியைப் பின்பற்றுபவன். பின்பு, வீண் வாதம் பேசுபவன். அதன்பின், ஏடுகளைச் சுமந்தும் அறிவு பெறாதவன். அந்நூற்றாண்டு முடிவதற்குள், படிப்பு ஏறாதவன். நான்கு படிகளில் ஒரு நுண்மதியாளர் பெயர் மந்தமதியின் பெயராயிற்று. 1728ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் போப் என்னும் கவிஞர் தம் எதிரிகளை இகழ்ந்து எழுதிய நீண்ட அங்கதக் காவியத்துக்கு இச்சொல்லைக்கொண்டே பெயர் சூட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகளிலோ, பாடம் சொல்லத் தெரியாத சிறுவன் தலையிற் கூம்பு வடிவத் தாள் தொப்பியைக் கவிழ்த்து மூலையில் நிறுத்தும் வழக்கம் இருந்தது. அதன் பெயர் 'டன்ஸ் தொப்பி'. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1840ஆம் ஆண்டளவில் எழுதிய நாவலொன்றில் பழைய செய்தித்தாள்களாற் செய்த அத்தகைய தொப்பியொன்று வருகின்றது.

அத்தொப்பி நம் நாட்டு வகுப்பறைகளில் அத்துணை பரவவில்லை. ஆனால் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினோம், முழந்தாளில் நிறுத்தினோம், தொப்பிக்குப் பதிலாகச் சொல்லைத் தலையிற் கவிழ்த்தோம். தாள் தொப்பியை மணி அடித்ததும் கழற்றிவிடலாம். சொல்லால் ஆகிய தொப்பி இருபது ஆண்டு கழிந்தும் கழலவில்லை என்பதைத் தலவிலயிற் கண்டோம்.

நம் மொழியிலும் இவ்வாறே

ஆங்கிலத்தை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. மடையன் என்று வைகிறோம். பழந்தமிழில் அவ்வொலியுடைய சொல்லுக்குச் சமையற்காரன் என்ற பொருளும் உண்டு. கோயில் மடைப்பள்ளியில் அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. சோறு சமைத்தவனும் அறிவில்லாதவனும் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றனர். சனி பகவானுக்கு 'மந்தன்' என்றொரு பெயர். சனைச்சரன் என்பதற்கே வடமொழியில் மெல்லச் செல்பவன் என்றுதான் பொருள். அதுவே மக்கள் நாவிற் சனீஸ்வரன் ஆயிற்று. அக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. ஏன்? அது செல்லும் வேகம் குறைவு என்பதோடு, அது சுற்றவேண்டிய பாதையும் மிக நெடிது. பூமியின் ஆண்டை அளவுகோலாக வைத்து அதனை மந்தன் என்கிறோம்.

வகுப்பறையிலும் இவ்வாறே, ஒரு பிள்ளையின் வேகத்தை அளவுகோலாக்கி மற்றொரு பிள்ளையை மந்தன் என்கிறோம். 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். கணக்கில் வல்லவன், விளையாட்டிற் சுறுசுறுப்பானவன், ஆனால் எழுத்துக்களை வாசிக்க மட்டும் அவனால் இயலவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால், பள்ளியில் இவனே முதல்வனாக விளங்குவான் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம். இன்று 'டிஸ்லெக்ஸியா' என்று வழங்கும் வாசிப்பு இடர் இதுதான். இவ்விடர் உள்ள பிள்ளைக்கு அறிவுக் குறைவு இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வழி மட்டும் அப்பிள்ளைக்குக் கடினமாகின்றது. ஒலிகளைப் பிரித்து, சேர்த்து, படிப்படியாகப் பயிற்றினால் முன்னேற்றம் உண்டு. வேறு சில பிள்ளைகளுக்குக் கரும்பலகை கண்ணுக்குத் தெளியாது. சிலருக்குச் செவி மந்தம். சிலர் பசியோடு வருவர். சிலர் விடையை மனத்துள் புரட்டிப் பார்த்த பின்பே வாய் திறப்பர். இவை வெவ்வேறு காரணங்கள். வெவ்வேறு பரிகாரங்கள் உடையவை. 'மொக்கன்' என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் மூடிவிட்டால், காரணத்தைத் தேடும் கடமையிலிருந்து ஆசிரியர் தப்பிக்கொள்கின்றார். அன்று நாம் செய்தது அதுவே.

நம் மாணவர் இறுதியாகக் கூறிய வகையினர் என்பதை இப்பொழுது உணர்கிறோம். கேள்வி கேட்டால் உடனே விடை வராது. நாமோ பொறுமையின்றி அடுத்த மாணவனிடம் தாவிவிடுவோம். அப்பெயரைச் சூட்டிய நாளுக்குப் பின் அவர் வகுப்பில் வாய் திறந்ததாக நினைவில்லை. படகு இஞ்சினைத் திருத்தும் போதும் அவர் அவ்வாறே நெடுநேரம் ஓசையைக் கேட்டுவிட்டுத்தான் கைவைப்பார் என்று, உடன் வந்த மைத்துனர் சொன்னார். "கெதியாய்ச் செய்யமாட்டார், ஆனால் அவர் திருத்தினது கடலிலை நிண்டுபோகாது" என்றார்.

'இதுமை' என்னும் தத்துவம்

டன்ஸின் தத்துவத்தில் ஒரு கருத்து நம் நெஞ்சைத் தொட்டது. பல மரங்கள் உள்ளன, எல்லாம் மரமே. அவற்றுள் இம்மரத்தை இம்மரமாகவே ஆக்குவது எது? நிறமோ அளவோ இடமோ அன்று. அப்பொருளுக்கே உரியதும் வேறொன்றோடும் பங்கிடமுடியாததுமான ஒரு தனித்தன்மை உண்டு என்றார் டன்ஸ். அதற்கு வழங்கும் லத்தீன் சொல்லை 'இதுமை' என்று தமிழாக்கலாம். ஒவ்வொரு மனிதரும் தம் இதுமையால் ஒப்பற்றவர் என்பது அதன் பயன்.

ஒவ்வொருவருக்கும் தனித்த இதுமை உண்டு என்று போதித்தவரின் பெயரையே, பிள்ளைகளை ஒரே குவியலில் தள்ளும் பொதுப் பெயராக்கியது உலகம். இதனினும் பெரிய அநீதி ஒரு பெயருக்கு நேர்தல் அரிது. நூலறிந்தோர் அந்த அநீதியைச் சிறிது சிறிதாகத் திருத்தி வருகின்றனர். 1950ஆம் ஆண்டு முதல் அவர் நூல்களின் செம்பதிப்பு வத்திக்கானிலிருந்து வெளிவரலாயிற்று. 1993ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். எனினும், அகராதியில் அந்த வசைச் சொல் அப்படியே இருக்கின்றது. அகராதியிலிருந்து அதனை நீக்க நம்மால் இயலாது. நம் வாயிலிருந்து நீக்க இயலும்.

கிணற்று உவமையை மீண்டும் நினைத்துக்கொள்கிறோம். மனம் உடைந்த பிள்ளையைப் பின்னர் தூக்கி நிறுத்துவது நல்ல பணி. உடையுமுன் கைபிடிப்பது அதனினும் நல்ல பணி. பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சிந்திக்க வேண்டும். மாணவச் செல்வங்களும், தோழரை இப்பெயரால் அழைக்குமுன் சற்றே சிந்திப்பார்களாக.

அந்த மாணவருக்குக் கடிதம் எழுதினோம். 'டன்ஸ்' என்பவர் வரலாறு முழுவதையும் எழுதினோம். அன்று வகுப்பில் நாம் அச்சொல்லைச் சொன்ன பொருளையும் மறைக்காமல் எழுதி, அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். பிள்ளையின் கண்ணையும் செவியையும் முதலிற் பரிசோதிக்கவும், வாசிப்பு இடர் உண்டோ என அறிந்தவரிடம் காட்டவும் சொன்னோம். அன்னம்மாளின் உருவங்கள் பலவற்றில், அவர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். பக்கத்தில் நிற்கும் சிறுமி மரியாளுக்கு எழுத்துக் கற்பிக்கும் கோலம் அது. அப்படம் ஒன்றையும் கடிதத்தோடு வைத்தோம்.

கடிதத்தை முடிக்கும்போது, அவர் நமக்குச் சொன்ன சொல்லே நினைவுக்கு வந்தது: 'ஆறுதலாய் எழுதுங்கோ.' ஆறுதல் என்றால் தேற்றுதல் எனத் தமிழுலகம் முழுவதும் அறியும். ஈழத் தமிழருக்கோ, அவசரமின்றி மெல்லச் செய்தலுக்கும் அதுவே பெயர். மெதுவாகச் செய்வதற்கு இவ்வளவு இனிய சொல் நம் நாவிலேயே இருக்க, அந்நிய நாட்டு வசையொன்றை எடுத்து ஒரு சிறுவன் தலையில் வைத்தோமே என்று வருந்தினோம்.

ஆகவே, அப்பிள்ளைக்கென்று கடைசி வரியில் இவ்வளவே எழுதினோம்: "அம்மா, ஆறுதலாகப் படி."